தகரமும் பஞ்சும்

சேவுகனுக்கு வலி முதுகெலும்பு முடிகிற இடத்தில். இடுப்பில் பிடித்தால் பிடிப்பு என்று சொல்லி வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம். இது அதற்கும் கீழே, உட்காருகிற எலும்பின் நுனியில், ஆணி அறைந்தாற்போல ஒரே இடத்தில் நின்று குத்தியது. எழுந்தால் தொடை வழியாக இறங்கிக் குதிகாலில் போய் நின்றது. வெளிக்கு இருக்கக் குத்தவைத்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் குப்புற விழுந்து, "ஏறி மிதிடி" என்பான். அன்னக்கிளி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலை அவன் இடுப்பில் வைத்து அமுக்குவாள்.

"மிதிங்கிறேன், தடவுறியே."

"மிதிச்சா ஒடஞ்சுபோயிரும் போலருக்கு. காஞ்ச சுள்ளியாட்டம் கெடக்கீக."

"ஒடயட்டும். அம்பலம் வேற டைவரத் தேடிக்கிறட்டும்."

நாகநாதன் அம்பலத்தின் ஜீப்பைத்தான் அவன் ஓட்டினான். சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு பட்டாளம் கழித்துப்போட்ட வண்டி, ஏலத்தில் எடுத்தது. மேலே கித்தான் கூரை, பின்னால் இரண்டு பக்கமும் மடக்கிவிடுகிற தகரப் பலகை, நடுவில் வெறும் தகரத் தரை. ஓட்டுகிறவன் உட்காருவதும் தகரம்தான். மேலே ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தான். அரை நாளில் அந்தச் சாக்கு அப்பளமாகிவிடும்.

சாக்கோட்டைக்குக் கிழக்கே, கண்மாய்க் கரையை விட்டால் வேறு பாதை இல்லாத ஊர் வெள்ளாங்கரைப்பட்டி. மழை பெய்தால் செம்மண் கரை களியாகக் கிண்டிக் கிடக்கும். மாட்டுவண்டி அச்சு வரை இறங்கும். அந்த ஜீப்பு மட்டும், முன்சக்கரத்தையும் சேர்த்து இழுக்கவைக்கிற முன்கியரைப் போட்டுக்கொண்டு, கிழட்டு எருமை மாதிரி முக்கி முக்கிப் போய்ச் சேரும். அம்பலம் கண்மாய் மராமத்துக் காண்டிராக்டு எடுப்பவர். சிமிட்டி மூட்டை, கடப்பாரை, கல், கூலியாள் எல்லாம் அதில்தான் ஏறும். பாம்பு கடித்தவன் ஏறுவான். காலராவில் கிழிந்துபோனவன் ஏறுவான். பெரியாஸ்பத்திரியில் செத்தவனைக் கொண்டுவருவதும் அதில்தான். தரையில் ரத்தமோ பீயோ எதுவானாலும் அம்பலத்தின் பெண்டாட்டி வள்ளிக்கண்ணு முகம் சுளிக்க மாட்டாள். "வேப்பந்தழையப் போட்டுச் சாணித் தண்ணி ஊத்திக் கழுவி விட்றா" என்பாள். தகரத்தில் தீட்டு நிற்காது.

அன்னக்கிளியும் அந்தத் தரையில் கிடந்தவள்தான். மகன் ஆசைத்தம்பி பிறந்த கையோடு மார்பில் பால் கட்டிச் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டது. சேவுகனே அவளைத் தகரத்தில் படுக்கவைத்துக் காரைக்குடிக்குக் கொண்டுபோனான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் பிள்ளை பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவின் மகள் சிகப்பியின் மடியில் கிடந்தது. அவளுக்கும் அப்போது கைப்பிள்ளை. ஒரு பக்கம் தன் மகள், ஒரு பக்கம் இவன் மகன். இரண்டும் உறிஞ்ச உறிஞ்ச அவள் கன்னம் ஒட்டிப் போயிற்று. அம்மாக்கண்ணு கேப்பைக் களியைக் கிண்டி, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, "தின்னுடி, ரெண்டு வாய்க்குத் திங்கணும்ல" என்று மகள் முன்னால் வைப்பாள். அன்னக்கிளி திரும்பிவந்து கையைப் பிடித்து அழுதபோது சிகப்பி சிரித்தாள்.

"இதுக்கு எதுக்கு மதினி அழுகுறீக? ஊறுறது ஊறுது. ஒங்க மகன்தான் கடிச்சு வச்சுட்டான். பல்லு மொளச்சதும் கேட்டுக்கிறேன் அவன."

அது முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. சேவுகன் வலி மட்டும் முற்றிக்கொண்டு வந்தது.

முதலில் அவன் நேராகவே கேட்டுப் பார்த்தான். வேலிக் கருவைக் குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்த அம்பலம் துப்பிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"மெத்தையா? எதுக்கு?"

"உக்கார முடியலங்கய்யா. எலும்பு தேஞ்சுபோச்சு."

"பட்டாளத்துக்காரன் மெத்தையப் போட்டுக்கிட்டா சண்டைக்குப் போனான்? ஜீப்புன்னா ஜீப்பா இருக்கணும்டா. கட்டாந்தரையில ஓடுறதுக்கு மெத்த தெச்சா, அப்பறம் காத்தாடி கேக்கும், கண்ணாடி கேக்கும், கடைசில நம்மளயே எறங்கித் தள்ளச் சொல்லும். ஒன் சூத்து நோகுதுன்னா வண்டிய ஏண்டா மாத்தணும்? சூத்த மாத்து."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சேவுகனும் சிரித்துவைத்தான்.

நேராகக் கேட்டால் நடக்காது என்று தெரிந்தபிறகு அவன் கோணல் வழியில் போனான். நாட்டரசன்கோட்டைக் கோயில் திருவிழாவுக்கு அம்பலத்தைக் கொண்டுபோன அன்று, அவருடைய பெரியப்பன் மகன் அழகப்பன் அம்பலமும் வந்திருந்தார். புது அம்பாசிடர் கார். உள்ளே உட்கார்ந்தால் ஆள் புதைகிற மெத்தை. திரும்பி வரும்போது சேவுகன் பாதையைப் பார்த்தபடியே சொன்னான்.

"சொல்லக்கூடாது... அங்க நின்ன ரெண்டு பேரு பேசிக்கிட்டாய்ங்க."

"என்ன பேசுனாய்ங்க?"

"வேணாங்கய்யா."

"சொல்றா."

"அண்ணன் காருல வாராரு, தம்பி சாணி அள்ளுற வண்டில வாராருன்னாய்ங்க."

அப்படி யாரும் பேசவில்லை. மறுநாள் காலையில் அம்பலம் அழகுசுந்தரம் ஆசாரியைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்.

ஆசாரி தேக்குக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பர்மாவில் சொத்தெல்லாம் இழந்து திரும்பிய ஒரு செட்டியார் வீட்டின் இரண்டாம் கட்டைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். உத்திரக்கட்டை ஒன்று வந்தது. அறுத்தபோது உள்ளே இன்னும் எண்ணெய் கசிந்தது. ஆசாரி ஜீப்பின் பின்பக்கத்தை முழுசாக அடைத்து ஒரு பெட்டி அடித்தார். அதன்மேல் தேங்காய் நாரைப் பரப்பி, இலவம்பஞ்சைத் திணித்து, ரத்தச் சிவப்பில் ரெக்சினை இழுத்துப் போர்த்திப் பித்தளைக் குமிழாணி அடித்தார். முதுகுக்குச் சாய்மானம், நடுவில் கையூன்றிக்கொள்ள ஒரு திண்டு. இரண்டு பேர் ராசா மாதிரி உட்காரலாம். மிஞ்சிய நாரிலும் ரெக்சின் துண்டிலும் சேவுகனுக்கு ஒரு திண்டு தைத்துக் கொடுத்தார். சேவுகனுக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு திண்டுதான்.

பெட்டியை வண்டியில் ஏற்றியபோது ஆசாரி ஒரு நிமிஷம் நின்றார்.

"ஏப்பா சேவுகா, ஒடம்புக்கு முடியாத ஆளுகள எங்குட்டுப் படுக்க வைப்ப? எடமே இல்லாம அடச்சாச்சே. வேணும்னா ரெண்டு கொண்டி வச்சு விடறேன். கழட்டி எறக்கிக்கிறலாம், மாட்டிக்கிறலாம்."

சேவுகன் சுற்றுமுற்றும் பார்த்தான். கழற்ற முடியும் என்றால் அம்பலம் கழற்றச் சொல்வார். மெத்தையை இறக்கிவைத்துவிட்டுச் சிமிட்டி மூட்டை ஏற்று என்பார். மூட்டை ஏறினால் வில் அமுங்கிப் பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி இடிக்கும். இடித்தால் அவனுடைய சின்னத் திண்டு தாங்காது.

"வேணாம் மாமா. போல்ட்டு போட்டு முடுக்கு. அடில முனையச் சுத்தியால அடிச்சு மழுக்கி விட்ரு. ஒருத்தன் கழட்டக் கூடாது."

"படுக்குற ஆளு?"

"படுக்குறவன் மாட்டுவண்டில படுக்கட்டும். எத்தன நாளைக்கு நான் ஊருப் பொணத்தச் செமக்குறது?"

ஆசாரி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். சுத்தியல் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

அதற்கப்புறம் மூட்டை ஏற்ற மாட்டுவண்டி வந்தது. கூலியாட்கள் வேலைக்குக் கரையோடு நடந்து போனார்கள். தலையில் கூழ்ச்சட்டியும் மண்வெட்டியுமாக வரிசையாகப் போகிறவர்களை ஜீப்பு தாண்டும்போது சேற்றுத் தண்ணீர் தெறிக்கும். அம்மாக்கண்ணு ஒருநாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஏ சேவுகா! மெத்த எப்புடிப்பா இருக்கு? தூக்கம் வருதா? தூங்கிக் கண்மாய்க்குள்ள விட்றாத, மெத்த நனஞ்சுரும்!"

"நீ ஏறிப் பாரேன் சின்னாத்தா."

"நானா? என் குண்டி மண்ணு. ஒட்டிக்கிட்டா ஒன் மொதலாளி என்னயவே ரெண்டா வெட்டிருவாரு."

எல்லாரும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். சேவுகனுக்கு வலி குறைந்துகொண்டே வந்தது. ஆடி முடிவதற்குள் குத்தவைத்து எழுந்திருக்க முடிந்தது. அன்னக்கிளி மிதிப்பதை நிறுத்தினாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாள் கணக்கில் நசநசவென்று ஊற்றிக் கண்மாய் தளும்பி நின்றது. அம்பலம் வீட்டில் மகளைப் பெண் பார்க்க மதராசிலிருந்து ஆட்கள் வருகிற நாள் அது. ரயிலுக்குப் போய்க் காரைக்குடியிலிருந்து அழைத்துவர வேண்டும். காலையிலேயே அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் வெந்து தெருவெல்லாம் எண்ணெய் மணத்தது. சேவுகன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்னக்கிளி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"சிகப்பிக்கு நோவு கண்டுருச்சுங்க. பிள்ள கை முன்னுக்க வந்துருச்சாம். மருத்துவச்சி கையெடுத்துக் கும்புட்டுட்டா. பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணுமாம். வண்டிய எடுங்க."

அவள் பேசி முடிப்பதற்குள், சிகப்பியின் புருஷன் மாயக்கண்ணன் அவளைக் கயிற்றுக்கட்டிலோடு தூக்கிக்கொண்டு, கூட ஆட்களோடு வந்துவிட்டான். மேலே பனையோலைப் பாயைப் போர்த்தியிருந்தார்கள். ஜீப்பு நிற்கிற கொட்டகைத் தாழ்வாரத்தில் கட்டிலை இறக்கினார்கள். பாய்க்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. அலறல் இல்லை, மாடு அசைபோடும்போது வருவதுபோல ஒரு முனகல். அம்மாக்கண்ணு மகளின் தலைமாட்டில் நின்றாள்.

வள்ளிக்கண்ணு பணியாரக் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து சொட்டுவதையும் பார்த்தாள்.

"ஆத்தா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள் அன்னக்கிளி.

"நான் என்னத்தச் சொல்ல? தகரமாக் கெடந்தப்ப நான் வேணாம்னு சொல்லிருக்கேனா? நீ கெடந்தப்ப ஒன் சீழையும் ரத்தத்தையும் நான்தான் நின்னு கழுவச் சொன்னேன். இப்பக் கெடக்குறது பஞ்சு. பேறுகாலத் தீட்டு பஞ்சுக்குள்ள எறங்குனா எப்புடிக் கழுவுவ? நீயே சொல்லு. இன்னைக்கு அதுலதான் என் மகளுக்குச் சம்பந்தம் பேச வாறாக." அவள் சேவுகன் பக்கம் திரும்பினாள். "எனக்கு இந்தக் கருமாந்தர மெத்தையே புடிக்கல. இவந்தான ஓதுனான், தம்பி சாணி வண்டில வாராருன்னு. கேளு அவன."

அன்னக்கிளி புருஷனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த துணியைப் பிழிந்தான். துணியில் ஈரம் இல்லை.

அம்பலம் வெளியே வந்தார். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு தாடையைத் தடவினார்.

"நான் மாட்டேன்னு சொல்லலப்பா. பாவம், பொம்பளப் பிள்ள. மெத்தையக் கழட்டி வச்சுட்டுத் தரையில போட்டுக் கொண்டு போ. ஆனா ஒண்ணு. மெத்தையில ஒரு கீறல் விழுகப்படாது. ரயிலு வர்றதுக்குள்ள திரும்ப மாட்டி, இப்ப என்ன ரூபத்துல நிக்கிதோ அதே ரூபத்துல நிக்கணும். கீறல் விழுந்துச்சு, நீ நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

சொல்லிவிட்டு உள்ளே போனார். சந்தனக் கிண்ணம் எங்கே என்று யாரையோ அதட்டுகிற சத்தம் கேட்டது.

அழகுசுந்தரம் ஆசாரி வந்து சேற்றில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். சேவுகன் பக்கத்தில் நுழைந்தான். மழுக்கிவிட்ட போல்ட்டு முனைகள் காளான் மாதிரி விரிந்து நட்டுகளின்மேல் கவிழ்ந்திருந்தன. ஸ்பேனர் பிடிக்கவில்லை. வெட்டிரும்பை வைத்து அடித்தால் வழுக்கியது. ரம்பப் பிளேடு ஒன்று ஒடிந்தது, இன்னொன்று ஒடிந்தது. மழைத் தண்ணீர் கொட்டகைக்குள் வாய்க்காலாக வந்து முதுகுக்கு அடியில் ஓடியது. முதல் போல்ட்டு விடுவதற்குள் ஆசாரியின் விரல் நசுங்கிவிட்டது. அவர் விரலை வாயில் வைத்துச் சப்பித் துப்பினார்.

"இது ஆகாதுடா. மேலருந்து கோடாலியால ரெண்டு போடு போட்டா பெட்டி பொளந்துரும். கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வெறுந்தரை. வெட்டிரவா?"

சேவுகன் தலையைத் திருப்பினான். கொட்டகை மூலையில்தான் கோடாலி சாத்தியிருந்தது. அவன் படுத்திருந்த இடத்திலிருந்தே அதன் காம்பு தெரிந்தது. அதற்கு இப்பால் கட்டிலின் கால் தெரிந்தது. கட்டில் காலுக்குப் பக்கத்தில் அன்னக்கிளியின் பாதம் தெரிந்தது. அவன் இடுப்பை மிதித்த பாதம்.

"அடேய், ஒன்னயத்தான் கேக்குறேன். நான் செஞ்ச சாமான் நானே வெட்டுறேன். நீ ம்ம்னு சொல்லு."

"வேணாம் மாமா."

"பிள்ளக்கி நேரமாகுதுடா."

"வேல போயிரும் மாமா. வெட்ட வேணாம். பைய்யக் கழட்டு. கழண்டுரும்."

தாழ்வாரத்தில் முனகல் நின்று நின்று வந்தது. அம்மாக்கண்ணு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"சேவுகா."

"இந்தா ஆச்சு சின்னாத்தா. இன்னும் கொஞ்சந்தான்."

"நீ பைய்யக் கழட்டு. கீறல் விழுந்துறாம." அவள் நிமிர்ந்தாள். "ஏ மாயக்கண்ணா, மாட்டப் பூட்டு."

மாட்டுவண்டி கிளம்பியது. அன்னக்கிளியும் பின்னாலேயே ஓடினாள். சக்கரம் சேற்றில் புதையும்போது ஆட்கள் ஏலேலோ போட்டுத் தள்ளுகிற சத்தம் கண்மாய்க் கரையில் வெகுநேரம் கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

கடைசி போல்ட்டு விட்டபோது ஆசாரியின் இரண்டு கையிலும் ரத்தம். இருவரும் பெட்டியைத் தூக்கிப் படுதா விரித்து அதன்மேல் வைத்தார்கள். ஒரு கீறல் இல்லை. சேவுகன் வெறும் தகரமாகிவிட்ட வண்டியில் ஏறி முன்கியரைப் போட்டான். பழையபடி வெறும் வண்டியாகிவிட்டதால் அது துள்ளிக்கொண்டு போனது. கரையின் களியில் அரைத்து, ஓரிடத்தில் குறுக்கே திரும்பி, மறுபடி நேராகி, ஒரே மூச்சில் கரையைத் தாண்டியது.

மாட்டுவண்டி சாக்கோட்டைக்கு இப்பால், பாலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. மாட்டை அவிழ்த்து விட்டிருந்தார்கள். மாயக்கண்ணன் தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அன்னக்கிளி வண்டிச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். சேவுகன் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினான்.

"தூக்குங்க, தூக்குங்க. தரை காலியா இருக்கு."

யாரும் அசையவில்லை. அம்மாக்கண்ணு பாயை இழுத்து மகளின் முகத்தை மூடினாள். பிள்ளையின் கையையும் உள்ளே தள்ளிவிட்டாள்.

"எதுக்குத் தூக்கணும்? பொணத்துக்குத் தெரியுமா, இது தகரமா பஞ்சான்னு?"

"சின்னாத்தா, வீட்டுக்காச்சும் நான் கொண்டுபோறேன். இதுலயே படுக்க வச்சு..."

"நீதான சொன்ன, படுக்குறவ மாட்டுவண்டில படுக்கட்டும்னு? ஆசாரி அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு. நான்தான் நம்பல, நம்ம சேவுகன் அப்புடிச் சொல்லிருக்க மாட்டான்னு சண்டைக்குப் போனேன்." அவள் குரல் உயரவில்லை. "போப்பா. ஒனக்கு ரயிலுக்கு நேரமாகுது. மாயக்கண்ணா, மாட்டப் பூட்டு, திருப்பு."

சேவுகன் கொட்டகைக்குத் திரும்பிப் போய், வேலையாள் ஒருவனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் தூக்கி வைத்தான். ஆசாரி போய்விட்டிருந்தார். அவனாகவே நாலு மூலையில் கம்பியைப் போட்டு முறுக்கி இறுக்கினான். அம்பலம் வந்து விரலால் ரெக்சினைத் தடவிப் பார்த்தார். குனிந்து குமிழாணிகளையும் பார்த்தார். பிறகு ஏறித் திண்டில் கையூன்றி உட்கார்ந்தார்.

"நல்ல வேல. போ."

கரையின் நடுவில் மாட்டுவண்டி எதிரே வந்தது. இரண்டு வண்டி விலக இடம் இல்லாத கரை. ஒரு பக்கம் கண்மாய்த் தண்ணீர், ஒரு பக்கம் வயல் பள்ளம். சேவுகன் பிரேக்கை மிதித்தான்.

"என்னடா?"

"சிகப்பிங்கய்யா. போயிருச்சு."

அம்பலம் சாய்மானத்திலிருந்து முன்னால் வந்து முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார். துண்டைத் தோளில் சரி செய்துகொண்டார்.

"அட, எதுக்கப் பொணம் வருதா? நல்ல சகுனம்டா. சம்பந்தம் முடிஞ்ச மாதிரிதான்." முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "ஆரன அடி. ஓரமா எறக்கச் சொல்லு. ரயிலு வந்துரும்."

சேவுகன் கையை ஆரன்மேல் வைத்தான். எடுத்தான்.

"அடிங்கிறேன்ல!"

அடித்தான். மாடுகள் மிரண்டன. மாயக்கண்ணன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்து வண்டியை வயல் பள்ளத்தில் இறக்கினான். சக்கரம் இறங்கியபோது பாய்க்கு அடியில் சிகப்பியின் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மாக்கண்ணு அதைப் பிடித்துக்கொண்டாள். ஜீப்பு தாண்டிப் போகிறவரை அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால் தலைவிரிகோலமாக நடந்துவந்த அன்னக்கிளி பார்த்தாள். கரையோரத்தில் ஒதுங்கி நின்று, ஓட்டுகிற இருக்கையில் தெரிந்த அந்தச் சிவப்புத் திண்டை மட்டும் பார்த்தாள்.

மதராஸ்காரர்கள் மெத்தையை அமுக்கிப் பார்த்து, "ஜீப்புன்னதும் பயந்தோம், வீட்டுச் சோபா மாதிரியில்ல இருக்கு" என்றார்கள். அம்பலம் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். தை மாதத்துக்கு நாள் குறித்தார்கள்.

சேவுகனுக்கு அதற்குப் பிறகு வலி வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று அவன் சில நாள் நினைத்ததுண்டு. ஆனால் அந்தத் திண்டை எடுத்துப் போட்டுவிட்டுத் தகரத்தில் உட்கார ஒருநாளும் துணியவில்லை. வீட்டில் அன்னக்கிளி அவனிடம் சோறு போடும்போது மட்டும் பேசினாள். "போதுமா?" என்பாள். அவ்வளவுதான்.

சிகப்பியின் மகள் சில சாயங்காலங்களில் ஆசைத்தம்பியோடு விளையாட வாசலுக்கு வரும். அன்னக்கிளி இரண்டு கும்பாவில் கூழ் ஊற்றிவைப்பாள். பேத்தி வாய் வைப்பதற்குள் அம்மாக்கண்ணு வந்து அவள் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போய்விடுவாள். கூழ் கும்பாவிலேயே ஏடு கட்டும்.

"நீ குடிடா" என்று அன்னக்கிளி இரண்டையும் மகன் பக்கம் தள்ளுவாள்.

அவன் நன்றாகத்தான் வளர்ந்தான். சிகப்பி கொடுத்த பாலுக்கு அந்த வீடு இன்னும் கடன்பட்டிருக்கிறது.